பலகையின் அடிப்புறம்

பனிச்சறுக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். எந்த வீரர் எந்த ஆண்டில் எந்த மலைச்சரிவில் எத்தனை நொடியில் இறங்கினார், எந்த நாடு எத்தனை பதக்கம் பெற்றது என்பன போன்ற செய்திகள் நூல்களில் நிறையவே உண்டு. இவையெல்லாம் பலகையின் மேற்புறத்தில் நின்றவரைப் பற்றியவை. அதன் அடிப்புறத்தில் என்ன பூசப்பட்டது, யார் பூசினார், பலகை பழுதுற்றபோது யார் கை அதைச் சரிசெய்தது என்பவற்றுக்கு அந்நூல்களில் அடிக்குறிப்புகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. எனக்கோ, ஒரு கருவிக்கும் அதை உடைமையாகக் கொண்டவருக்கும் இடையிலான உறவு எப்படி மாறியது என்பதை அந்த அடிப்புறத்தில்தான் படிக்க முடியும் என்று தோன்றுகிறது.

'ஸ்கீ' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலச்சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். மரத்தை அதன் இழையோட்டத்தின் வழியே பிளந்தால் அவ்விழை முனை முதல் முனை வரை அறுபடாமல் நிற்கும். பலகை வளையும், எளிதில் முறியாது. செய்முறையே பெயராகிவிட்ட கருவிகளுள் இதுவும் ஒன்று. சுவீடனின் கால்வ்திரெஸ்க் என்னுமிடத்தில் சதுப்பு நிலத்திலிருந்து 1924-இல் கிடைத்த பலகை ஏறத்தாழ 5200 ஆண்டுப் பழமை உடையது.

அதைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது, காலத்தால் மிகப் பிந்திய இன்னொரு கண்டெடுப்பு. நார்வேயின் டிகெர்வார்டன் மலையில் உருகிவரும் பனித்திட்டு ஒன்றிலிருந்து 2014-இல் ஒற்றைப் பலகை ஒன்று வெளிப்பட்டது. ஏழாண்டு கழித்து, 2021 செப்டம்பரில், அதற்கு ஐந்தே மீட்டர் தொலைவில் அதன் இணை கிடைத்தது. இரண்டுக்கும் வயது சுமார் 1300 ஆண்டுகள். பின்னர்க் கிடைத்தது 187 சென்டிமீட்டர் நீளமும் 17 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. கால் பொருந்தும் இடத்தில் முறுக்கிய பிர்ச் மரக்கொடியும் தோல்வாரும் இருந்தன. ஒரு துளையை மர முளை அடைத்திருந்தது. இரு பலகைகளும் அளவில் ஒத்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே தேய்ந்து, தனித்தனியே பழுதுபார்க்கப்பட்டு, பிறகு ஒரு மனிதரின் கால்களில் இணைந்திருக்கின்றன. முன்பின் அறியாத அந்த மனிதரைப் பற்றி ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: பழுதுற்ற பலகையை அவர் காலத்தில் யாரும் எறிந்துவிடவில்லை.

அடிப்புறத்தில் பூசுவதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று 1673-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுவீடனின் உப்சாலாவில் பேராசிரியராக இருந்த யோகான்னஸ் ஷெஃபெரஸ், சாமி மக்களின் நாட்டைப் பற்றி லத்தீனில் எழுதிய 'லாப்போனியா' என்ற நூலில், பலகையின் அடியில் பைன் மரக் கீலும் பிசினும் பூசும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். கீல் என்பது நமக்குப் புதிய சொல்லன்று; நம் கடற்கரைகளில் மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்கப் பயன்பட்ட பொருளுக்கும் அதுவே பெயர். வடபுலத்தார் எண்ணெய்ச் சத்துள்ள பைன் வேர்களையும் அடிக்கட்டைகளையும் அடுக்கி, மேலே மண்மூடி, காற்றுப் புகாமல் மெல்லக் கனலவிட்டு அதை வடித்தனர். கப்பலுக்கும் தேவாலயத்தின் மரச்சுவருக்கும் பூசிய அதே கீல்தான் பலகைக்கும். அடிப்புறத்தில் தடவித் தீயில் காட்டினால் அது குமிழிட்டு மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கும். மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நீர் ஊறாத மரத்தில் பனி ஒட்டாது. இவ்வளவுதான் தத்துவம். ஆனால் எவ்வளவு சூடு, எப்போது துடைப்பது என்பதை ஏட்டில் படித்து அறிய முடியாது. அருகிலிருந்து பார்த்தே அறிய வேண்டும்.

இந்த அறிவு விற்பனைப் பண்டமாக மாறியதைக் காண அட்லாண்டிக்கைக் கடந்து செல்ல வேண்டும். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றவர்கள், சியரா நெவாடா மலையில் பனியால் அடைபட்ட மாதங்களில், 1850-களிலிருந்து நீண்ட பலகைகளில் நேர்கீழாக இறங்கும் பந்தயங்களை நடத்தினர். பந்தயத்தில் பணம் இருந்தது. எனவே பூச்சில் இரகசியம் புகுந்தது. திமிங்கில எண்ணெய், தாவர எண்ணெய், பைன் கீல் ஆகியவற்றைக் காய்ச்சி 'டோப்' என்று பெயரிட்டனர். ஒவ்வொருவரும் தம் பக்குவத்தை மருந்துச் சுவடிபோல் காத்தனர். இரகசியத்துக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் அது விற்பனைக்கும் வந்தது.

நார்வேக்காரரான பீட்டர் எஸ்ட்பியு 1913-இல் 'கிளிஸ்டர்' என்னும் பசைக்குக் காப்புரிமை பெற்றார். சொல்லின் பொருளே பசை என்பதுதான். உருகி உறைந்து மணல்மணியாகிவிட்ட இளவேனிற் பனியில் மற்றப் பூச்சுகள் பிடிப்புக் கொடுப்பதில்லை; இது கொடுத்தது. கூடவே கையுறையையும் கதவுப்பிடியையும் விட்டுவைக்கவில்லை. நார்வேயில் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்குச் செல்வது வழக்கம். அது சரியாகக் கிளிஸ்டருக்குரிய பருவம். காலையில் பகலவனைப் பார்த்து எதைப் பூசுவது என்று குடும்பத்தில் எழும் வாதம் அந்நாட்டின் விடுமுறைச் சடங்குகளுள் ஒன்று. அக்காலப் பக்குவங்களில் மெழுகுவத்தித் துண்டும் மிதிவண்டி டியூபும் கிராமபோன் இசைத்தட்டும் அடுப்பில் உருகின என்பர். எந்தப் பாட்டு வேகமாகச் சறுக்கியது என்று யாரும் எழுதிவைக்காதது நம் இழப்பு.

1939-இல் பவுடன், ஹியூஸ் என்னும் ஆய்வாளர் இருவர், சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் உயரத்தில் செய்த ஆய்வுகளைக் கொண்டு, உராய்வின் வெப்பத்தால் உருகும் மெல்லிய நீர்ப்படலமே சறுக்கலுக்குக் காரணம் என்று காட்டினர். சமநிலத்தில் செல்பவருக்கோ சறுக்கல் மட்டும் போதாது. காலை ஊன்றித் தள்ளும்போது பலகை பின்வாங்காமல் பிடிக்கவும் வேண்டும். புதுப்பனியின் கூரிய படிகங்கள் மெழுகுக்குள் சற்றே குத்திப் பிடிக்கும்; ஊன்றிய கால் நகர்ந்ததும் விட்டுவிடும். குளிர் மிகுந்தால் படிகம் கூர்மையாக இருக்கும், ஆகவே மெழுகு கடினமாக இருக்க வேண்டும். 1940-களில் சுவீடனில், சறுக்கு வீரர் மார்ட்டின் மாட்ஸ்போவின் துணையோடு வேதியியலார் இதையே நிறமாக்கினர். கடுங்குளிருக்குப் பச்சை, அடுத்து நீலம், உறைநிலையை ஒட்டிய வெப்பத்துக்குச் சிவப்பு. 1946-இல் ஸ்விக்ஸ் என்ற பெயரில் வந்த இந்த மெழுகு, பாட்டன் பேரனுக்குக் காட்டிக்கொடுத்ததை டப்பாவின் மூடியில் அச்சிட்டுவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டன் வாய்க்காதவர்களும் மலைக்குப் போகலாம் அல்லவா?

மலைச்சரிவில் இறங்குவோருக்கு வேறு கவலைகள். சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926-இல் பலகையின் ஓரத்தில் எஃகு விளிம்புத் துண்டுகளைத் திருகாணியால் பொருத்தும் முறையைக் கொணர்ந்தார். இறுகிய பனியிலும் பலகை தடம் பிடித்தது. ஆனால் துண்டுகள் அடிக்கடி கழன்றன; திருப்புளி பயணத்துணை ஆயிற்று. அரத்தால் விளிம்பைத் தீட்டுவதும், ஈரம் துடைத்துத் துருவைத் தடுப்பதும் அன்றிலிருந்து வந்த கடமைகள். 1950-களின் நடுவில் ஆஸ்திரியாவின் கோஃப்ளர் நிறுவனம் பாலிஎத்திலீன் அடிப்புறத்தைக் கொண்டுவந்தது. இனி மெழுகே வேண்டாம் என்றும் சிலர் நம்பினர். அது நடக்கவில்லை. ஆயினும் அந்த நெகிழி எதிர்பாராத ஒரு கொடையைத் தந்தது: கல்லில் பட்டுக் கீறினால், அதே நெகிழியால் ஆன குச்சியைக் கொளுத்திக் கீறலில் சொட்டவிட்டு, ஆறியபின் சுரண்டிச் சமன்செய்யலாம். பட்டறை வேண்டாம், சமையலறை மேசை போதும்.

1974-இல் ஃபாலுனில் நடந்த உலகப் போட்டியில் சுவீடனின் தோமஸ் மாக்னுசன் கண்ணாடி இழைப் பலகையில் 30 கிலோமீட்டர் ஓட்டத்தை வென்றார். போட்டிகளில் மரப்பலகையின் காலம் அத்தோடு முடிந்தது. அடுத்து 1980-களில் வந்த ஃப்ளோரின் மெழுகுகள் நீரை வியப்பூட்டும் அளவுக்கு விலக்கின. பெரிய அணிகள் மெழுகு வல்லுநர்களை வைத்துக்கொண்டன. வீரர் தம் பலகையின் அடிப்புறத்தைத் தொடவே தேவையில்லாமற் போயிற்று. மூடிய அறையில் சூடான இரும்பின் மேல் குனிந்து நின்ற அந்த வல்லுநர்களின் குருதியில் ஃப்ளோரின் சேர்மங்கள் பொதுமக்களைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை, 2010-இல் வெளியான சுவீடன், நார்வே ஆய்வுகள் காட்டின. எளிதில் சிதையாத அப்பொருள் பனி உருகியதும் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகிறது. பன்னாட்டு ஸ்கீ கூட்டமைப்பு 2019 நவம்பரில் தடையை அறிவித்தது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்த 2023-24 பருவம் வரை ஆயிற்று. பழைய கீலிலும் திமிங்கில எண்ணெயிலும் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். திமிங்கிலங்களைக் கேட்டால் வேறு வரலாறு சொல்லும். ஆனால் கீல் பூசியவருக்குத் தம் கையில் இருப்பது இன்னதென்று தெரிந்திருந்தது.

விடுமுறைக்குச் செல்லும் பலர் இன்று பலகையை வாடகைக்கு எடுக்கின்றனர். ஸ்கீ பழகிய ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் உட்பட நார்வேயில் வளரும் தலைமுறைக்கு இது பள்ளியிலேயே அறிமுகமாகிவிடுகிறது. சொந்தப் பலகை வைத்திருப்போர் செய்ய வேண்டியவை இன்னமும் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்குபவையே. புகையாத அளவு சூடான இரும்பால் மெழுகை உருக்கிப் பரப்பி, ஆறவிட்டு, நெகிழிச் சுரண்டியால் வழித்து, தூரிகையால் தேய்க்க வேண்டும். நீராவித் துளைகள் உள்ள வீட்டு இஸ்திரிப் பெட்டி இதற்கு ஆகாது. பருவத்தின் கடைசிப் பயணம் முடிந்ததும், விளிம்புகளைத் துடைத்து உலர்த்தி, அடிப்புறத்திலும் விளிம்பிலும் மெழுகைத் தடிமனாகப் பூசி, அம்முறை மட்டும் வழிக்காமல் அப்படியே விட்டுவிடுவர். கோடை முழுவதும் பலகை அந்த மூடாக்கோடு சுவரோரம் நிற்கும். முதற்பனி விழுந்தபின்தான் சுரண்டியை எடுப்பார்கள்.