சிம்பன்சி முகமும் மெத்தை நுரையும்

மகனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. 1968-ல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தவன், அதே சிம்பன்சி முகம்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். புனேயில் ஞாயிற்றுக்கிழமை வேறென்ன வேலை? இறங்கிவிட்டேன்.

முதலில் மெத்தைக் கடை பாலியூரித்தேன் நுரை. வெட்ட சுகம். பெயிண்ட் அடித்தால் மொத்தத்தையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது. அடுத்தது செருப்புக்கும் யோகா விரிப்புக்கும் போடுகிற ஈ.வி.ஏ. தாள். ஹீட் கன் காட்டினால் அனலில் வாட்டிய வாழையிலை போல இளகுகிறது. கிண்ணத்தின் மேல் அழுத்தி ஆறவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கிறது. ஒட்டும் பசை நாற்றத்துக்காக தங்கமணி என்னை பால்கனிக்குத் துரத்தியது தனிக்கதை :)

நிற்க. அசல் படத்தில் இருந்தது இரண்டுமே இல்லை. நுரை ரப்பர்.

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். ரப்பர் பாலில் அமிலம் ஊற்றி ஷீட் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அதே பாலை கேக் மாவு போல அடித்து நுரையாக்கலாம் என்று 1929-ல் கண்டுபிடித்தவர்கள் பர்மிங்காம் டன்லப் ஆய்வகத்துக்காரர்கள். நோக்கம் மெத்தையும் இருக்கையும்தான். சினிமாக்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். பாலோடு கந்தகம் முதலியவை சேர்த்து அடித்து, உறைய வைக்கும் மருந்தைக் கடைசியில் கலந்து, சில நிமிடங்களுக்குள் அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைக்க வேண்டும். 1939-ல் 'விசர்ட் ஆஃப் ஓஸ்' படத்துக்கே ஜாக் டான் இப்படி முகங்கள் செய்துவிட்டார்.

குரங்குப் படத்துக்குச் செய்தவர் ஜான் சேம்பர்ஸ். அதற்கு முன் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு செயற்கை மூக்கும் காதும் செய்துகொண்டிருந்தவர். அந்தக் கைதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. முக்கிய நடிகர்களுக்கு நெற்றி, வாய்ப்பகுதி, தாடை என்று தனித்தனித் துண்டுகளைத் தோலோடு ஒட்டினார். தினமும் மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார வேண்டும். அப்படியும் முகம் உறைந்து தெரியக்கூடாதே என்று, நடிகர் ராடி மெக்டவல் எப்போதும் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருக்கச் சொன்னாராம் மற்றவர்களிடம். சேம்பர்ஸுக்கு சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. ஒப்பனைக்கென்று தனி ஆஸ்கர் வந்தது 1981-ம் வருடப் படங்களில் இருந்துதான்.

கழற்றும்போது ஓரம் கிழியும் என்பதால் அநேகமாக ஒரு துண்டுக்கு ஒருநாள்தான் ஆயுசு. தப்பித்ததையும் காற்றும் வெளிச்சமும் பொடியாக்கிவிடும். முகத்தோடு அசைகிற நுரை நிலைக்காது. என் ஈ.வி.ஏ. முகமூடி பல வருடம் கிடக்கும், ஆனால் அசையாது. ரப்பர் பாலை முயலலாம்தான். சிலருக்கு அது தோலில் ஒவ்வாது, பிள்ளை முகத்தில் பரீட்சை பார்க்க மனசு வரவில்லை.

அந்தப் படத்திலேயே தூரத்தில் கூட்டமாக நிற்கும் குரங்குகளுக்கு, மொத்தமாகத் தலையில் மாட்டும் முகமூடிதான். அவனிடம் சொன்னேன். "அப்போ நான் பின்வரிசைக் குரங்கா?" என்று முகம் சுருங்கிவிட்டது. இரவோடு இரவாகத் தாடையை மட்டும் வெட்டியெடுத்து எலாஸ்டிக்கில் மாட்டியிருக்கிறேன். வாயைத் திறந்தால் அதுவும் திறக்கிறது. மூடத்தான் கொஞ்சம் நேரமாகிறது.