சவுக்கு மர மரபு மேம்பாடு

இராமேசுவரம் தீவின் மணல்மேடுகளில் காற்றைத் தடுத்து நிற்கும் சவுக்கு, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியக் கடற்கரைகளைச் சேர்ந்த மரம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின் விறகுக்காகப் பரவலாக நடப்பட்டது. வேர்முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் வெறும் மணலிலும் அது வளர்கிறது.

கோயம்புத்தூரில் 1988இல் தொடங்கப்பட்ட வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், பல நாடுகளின் சவுக்கு விதைகளை ஒரே களத்தில் வளர்த்து ஒப்பிட்டது. நேரான தண்டு, பருமன், குறைந்த கிளைகள், காகிதக்கூழுக்கு ஏற்ற மரத்தன்மை ஆகியவை தேர்வுக்குரிய பண்புகள். வழக்கமான சவுக்கையும் இந்தோனேசியாவின் ஜுங்குனியானா சவுக்கையும் கலந்து பெற்ற சிறந்த மரங்கள் தண்டுத்துண்டுகளை வேர்விடச் செய்து பெருக்கப்படுகின்றன. இவ்வாறு பெருக்கிய கன்றுகள் தாய்மரத்தின் மரபை அப்படியே கொண்டிருக்கும். விதைக்கன்றுகளோ ஒன்றுக்கொன்று வேறுபடும்.

ஆனால் ஒரே வகைக் கன்றைப் பரவலாக நடுவது ஆபத்தானது. தண்டைக் கொப்புளமாக்கிக் கொல்லும் பட்டைநோய் ஒரு மரத்தைத் தாக்கினால், மரபொத்த தோப்பு முழுவதற்கும் அச்சமுண்டு. விளைச்சலுக்காகத் தேர்ந்த வகை, உப்புக்காற்று வீசும் இராமேசுவரக் கரையின் காப்புத் தோப்புக்கும் பொருந்துமென்று கொள்ள இயலாது. இங்கு உப்பையும் வறட்சியையும் தாங்கும் திறனையே முதலில் பார்க்க வேண்டும்.