வளைந்து விழும் தூண்டிற்கயிறு



நானுஓயாவைக் கடந்து வரும் புகையிரதம் பட்டிப்பொலையிலே மலைப்பாதையின் உச்சியைத் தொட்டு, ஒகியாவிற் சற்றே இளைப்பாறி, எங்கள் அப்புத்தளையை நோக்கி இறங்குகின்றது. 1893ஆம் ஆண்டு தண்டவாளம் அப்புத்தளையை எட்டியது. சாளரத்தருகே அமர்ந்து வருவோர் தேயிலை மலைகளைக் கண்டு மகிழ்வர். ஒகியாவுக்கு மேலே, ஈராயிரம் மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் ஹோட்டன் சமவெளி விரிந்து கிடக்கின்றது. அங்கே பிறக்கும் பெலிகுல் ஓயாவிலே வாழவந்த ஓர் அயல்நாட்டு மீனைப் பற்றியும், அதனைப் பிடிப்பதற்கென அமைந்த ஒரு கைவீச்சைப் பற்றியும் இன்று பேச விழைகின்றேன்.

அம்மீனின் பெயர் டிரௌட். குளிர்ந்த தெளிந்த நீரையே அது நாடும். 1882ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து பழுப்பு டிரௌட்டின் முட்டைகள் நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவ்வினம் இங்கு நன்கு வேரூன்றவில்லை. பின்னர் வந்த வானவில் டிரௌட்டே சமவெளி ஓடைகளிற் குஞ்சு பொரித்துப் பெருகிற்று. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. தோட்டத்துத் துரைமார் ஓய்வு நாட்களிலே தூண்டிற்கோலுடன் மலையேறினர்.

இம்மீன்பிடிப்பு நாமறிந்த தூண்டிலைப் போன்றதன்று. வள்ளுவர் சூதாட்டத்தின் கேட்டைச் சொல்லுமிடத்து, இரைக்கு ஆசைப்பட்டுத் தூண்டில் முள்ளை விழுங்கும் மீனை உவமையாக்கினார். அங்கே இரையேனும் உண்டு. இங்கோ இரையுமில்லை, முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ மட்டுமே உண்டு. மக்கெதோனியர் செந்நிறக் கம்பளி நூலும் இறகும் கட்டி மீன் பிடித்ததைச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னர் ஈலியன் என்பார் எழுதிவைத்துள்ளார். ஆகவே, இது நேற்று முளைத்த பொழுதுபோக்கன்று.

பொய் ஈக்கு எடையில்லை. கல்லை எறிவதுபோல் அதனை எறிய இயலாது. கயிற்றின் எடையே அதனை ஏந்திச் செல்லவேண்டும். கோலைப் பின்னே வீசி, கயிறு முழுதும் நீளும்வரை பொறுத்து, முன்னே வீசி, சட்டென நிறுத்தினால், கயிறு ஒரு மடிப்பாகி உருண்டு விரிந்து செல்லும். அவ்வாறு செல்வது நேர்கோட்டு வீச்சு.

இடர் அதன்பின்னர்தான் எழுகின்றது. ஓடையின் நடுவிலே நீர் விரைந்தோடும். மீனோ பாறையின் அப்புறத்து அமைதியான நீரிலே நிற்கும். நேரே விழுந்த கயிற்றை நடுநீரோட்டம் பற்றி இழுக்க, ஈயும் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். உண்மையான ஈ அவ்வாறு ஓடாது என்பதை மீன் அறியும். எனவே கயிறு நேரே விழாமல் வளைந்து விழ வேண்டும். இழுப்பு நேருமுன் ஈக்கு இரண்டொரு கணம் கிடைக்கும். இதுவே வளைவு வீச்சு.

இதன் சூட்சுமம் எளியதே. கோலைத் தலைக்குமேல் வீசாது பக்கவாட்டில், நிலத்துக்கு இணையாக வீசுதல் வேண்டும். அப்போது கயிற்றின் மடிப்பும் கிடையாகவே விரியும். வலக்கையாளர் தேவைக்குமேல் விசை கொடுத்து நிறுத்தினால், கயிற்றின் நுனி எல்லையைத் தாண்டி இடப்புறம் சுழன்று விழும். விசையைக் குறைத்தால், மடிப்பு முழுதும் விரியுமுன்னரே கயிறு நீரைத் தொட்டு, நுனி வலப்புறம் தங்கிவிடும். முன்னதற்கு மிகை, பின்னதற்குக் குறை. குறையச் செய்வதே கடினம் என்பதைக் கற்றவர் அறிவர்.

அமெரிக்கரான ஜார்ஜ் லாபிராஞ்சு 1914இல் வெளியிட்ட நூலில், விரைந்தோடும் நீரிலே ஈயை மிதக்கவிடும் முறைகளை ஆராய்ந்து, இவ்வளைவுகளையும் விளக்கினார். 1992இல் அந்நாட்டுத் தூண்டிற்காரர் கூட்டமைப்பொன்று, வீச்சைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கெனத் தேர்வு முறையையே ஏற்படுத்திற்று. முப்பதாண்டு கரும்பலகை முன் நின்ற எனக்கு அச்செய்தி வியப்பளிக்கவில்லை. செய்யத் தெரிவதும் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் இருவேறு கலைகள்.

நான் இவ்வீச்சைக் கற்றது நூலிலிருந்தன்று. 1981ஆம் ஆண்டையொட்டி, எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவிலே முதியவர் ஒருவர் இருந்தார். இளமையில் துரை பங்களாவில் வேலைசெய்தவர். துரையின் கோலையும் வலையையும் சுமந்து ஒகியாவிலிருந்து சமவெளிக்கு நடந்தவர். அக்காலத்துக் கயிறு பட்டு நூலாலானது. ஈரத்தோடு விட்டால் உளுத்துப்போம். ஒவ்வொரு முறையும் அதனை விராந்தையில் நீள விரித்து உலர்த்தி, கொழுப்புத் தடவிச் சுற்றிவைப்பது அவர் வேலை. அவ்வேலை முடிந்த மாலைகளில், ஆளில்லாத புல்தரையிலே, முள்ளில்லாத கயிற்றை வீசிப் பார்த்திருக்கின்றார். ஒருவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. கரையில் நின்று கண்ணாற் கற்றார்.

மூங்கிற் கோலொன்றில் சணற்கயிறு கட்டி, நுனியிலே சிவப்புக் கம்பளி நூலை முடிந்து, பாடசாலை மைதானத்தில் எனக்குக் கற்பித்தார். நீரே இல்லை. ஒரு சுண்ணாம்புக் கல்லை மைதானத்தில் வைத்து, அதுதான் பாறை என்றார். கம்பளி அதற்கு அப்புறம் போய் விழவேண்டும்.

"மணிக்கட்ட மடக்காத தம்பி. கோல நிறுத்துற எடத்துலதான் கயிறு திரும்பும்."

"வலப்பக்கம் வரமாட்டேங்குது தாத்தா."

"பலத்தக் காட்டுறியே, அதான். மெதுவா விடு, பாதியில கீழ எறக்கு."

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டுமே சொல்வார். பத்துமுறை பார்த்திருந்துவிட்டே வாய் திறப்பார். பிற்காலத்தில் ஆசிரியர் கலாசாலையில் நான் கேட்ட விரிவுரைகள் பலவற்றினும் அது மேலான பாடம்.

கழகத்தாரின் மீன்பிடிப்பைப் பற்றி நான் படித்த நூல்களிலே துரைமாரின் பெயர்கள் உள்ளன. பிடித்த மீனின் எடைகூட உள்ளது. கோல் சுமந்தவரின் பெயரைக் கண்டேனில்லை. டிரௌட் முட்டைகள் வந்து சேர்வதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்கென எம் முன்னோர் தமிழகத்திலிருந்து மன்னாரிற் கரையிறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். வழியிலே மடிந்தோர் பலர். முட்டைகளைக் கெடாது காத்துக் கொணர எத்துணைக் கவனம் எடுத்திருப்பர் என்று எண்ணும்போது என் மனம் அவ்வழியை நினைக்காதிருப்பதில்லை. டிரௌட் இந்நாட்டு மீனாகிவிட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ அம்முதியவரை நாடற்றவராக்கிற்று. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவர் இந்தியாவுக்குப் பதிவாகி, கடவுச்சீட்டுக்குக் காத்திருந்த மாதங்களே எனக்குக் கிடைத்த பாடகாலம்.

1982இல், மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்த அவ்வண்டியில், தலைமன்னாருக்குப் பயணமானார். மூங்கிற்கோலை என்னிடம் விட்டுச் சென்றார்.

தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்திருந்த நீலகிரியிலே அவர் குடியேறினார். அந்நீலகிரியிலும் டிரௌட் உண்டு. 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்ற இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் வெற்றிகண்டு, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். இலங்கையிலிருந்தும் அங்கே வானவில் டிரௌட் கொண்டுசெல்லப்பட்டது.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே இன்று எவரும் தூண்டில் வீசுதல் ஆகாது. ஓடையின் சொந்த உயிர்களுக்கு அதுவே நலம் என்பது என் கருத்து.

முதியவரிடமிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. பிறர் எழுதிக்கொடுத்தது. கொழுந்து விலையையும் குளிரையும் சொல்லிவிட்டு, அடியிலே இரண்டு வரி: இந்த மலையிலும் அந்த மீன் இருக்கிறதாம், வலப்பக்கம் விழுகிறதா, எழுது.

பத்துக்கு மூன்று விழுகின்றது என்று எழுதினேன்.