கம்பியிலிருந்து கலத்திற்கு: கொழும்பில் தொலைத்தொடர்புப் பயிற்சியின் வரலாறு

இலங்கைத் தமிழரின் கல்வி வரலாற்றை ஆராய்ந்தோர் சமயக் கல்வி, மொழிக் கல்வி, ஆங்கிலக் கல்வி என்பவற்றிற்கு அளித்த இடத்தைத் தொழிற்கல்விக்கு அளித்திலர். இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் நாளாந்த வாழ்வும் கையடக்கத் தொலைபேசியைச் சார்ந்தே நடைபெறுகின்றது. எனினும் அந்த வலையமைப்பை நிறுவி, இயக்கி, பழுது பார்க்கும் அறிவு யாருக்கு, எங்கே, எம்மொழியிற் புகட்டப்பட்டது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கின்றது.

இந்நாட்டில் தொலைத்தொடர்பின் தொடக்கம் தந்தியே. காலித் துறைமுகத்தில் வந்திறங்கிய செய்திகளைக் கொழும்புப் பத்திரிகையொன்று 1850களிற் புறாக்கள் மூலம் பெற்றுவந்தது. 1858ஆம் ஆண்டு கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களின் பணி முடிவுற்றது. 1880இற் கொழும்புக் கோட்டைக்கும் முகத்துவாரத்திற்குமிடையே தனியார் தொலைபேசி இணைப்பொன்று ஏற்பட்டது. கொட்டாஞ்சேனையின் அயலிலேயே இந்நாட்டின் முதற் தொலைபேசிக் கம்பி சென்று முடிந்தது என்பது அப்பகுதி வாசிகளே பெரிதும் அறியாத செய்தியாகும். 1896இல் தொலைபேசிச் சேவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது.

தந்திக் காலத்துப் பயிற்சி செவிக்கும் கைக்கும் உரியது. புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறிகளைக் காதால் வாங்கி, அதே வேகத்தில் ஆங்கிலத்தில் எழுதப் பழகியவனே தந்தி வினைஞன். இப்பயிற்சிக்குக் கல்லூரி தேவைப்படவில்லை. திணைக்களமே பள்ளி; மூத்த வினைஞரே ஆசான்; புகுவதற்குரிய வாயில் ஆங்கிலம். மிஷனரிப் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் அவ்வாயிலால் எளிதிற் புகுந்தனர். இங்கு மட்டுமன்றி, மலாயாவின் புகையிரத, தபால் தந்திச் சேவைகளிலும் அவர்கள் பணியாற்றினர். கொழும்பில் உத்தியோகம் பெற்றோர் குடியமர்ந்து வளர்த்த ஊர்களுள் வெள்ளவத்தை முதன்மையானது. வணிகரும் உழைப்பாளரும் நிறைந்த கொட்டாஞ்சேனை அதனினும் பழையது.

திணைக்களப் பயிற்சியின் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர், 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசையை வானொலி அலைகளிற் பரப்பிப் பார்த்தார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் உதிரிப் பாகங்களைக் கொண்டு திணைக்கள ஊழியரின் துணையோடு அவர் அனுப்பியை அமைத்தார் என்பர். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. கம்பியைக் காக்கப் பயின்ற கைகள் கம்பியில்லாத் தொடர்பையும் ஆளக்கூடும் என்பதை இது காட்டிற்று.

இரண்டாங் கட்டம் நிறுவனங்களின் காலமாகும். மருதானையில் 1893இல் தோன்றிய தொழினுட்பக் கல்லூரி, தொழினுட்பவியலாளரை உருவாக்கும் பணியைத் திணைக்களத்தோடு பகிர்ந்துகொண்டது. 1950இற் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1964இற் பேராதனைக்குச் சென்றது. கட்டுபெத்தையில் 1960இல் நிறுவப்பட்ட செய்முறைத் தொழினுட்ப நிறுவனம் 1966இல் இலங்கைத் தொழினுட்பவியற் கல்லூரியாகவும், 1972இற் பல்கலைக்கழக வளாகமாகவும், 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. செய்மதிகளை வானில் நிறுத்தி உலகெங்குஞ் செய்தி அனுப்பலாமென 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளாக் 1956 முதல் இந்நாட்டில் வாழ்ந்து, 1979 முதல் 2002 வரை அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார்.

வாயில்கள் பெருகிய இக்காலத்திலேயே அவற்றின் கதவுகள் தமிழருக்கு ஒடுங்கின. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சி பெறாவிடிற் சம்பள ஏற்றம் தடைப்படும் நிலை உருவாயிற்று. எழுதுவினைஞரான கோடீஸ்வரன் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1969இல் பிரித்தானியக் கோமறைக் கழகம் வரை சென்றது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிற் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் வேண்டப்பட்டன. கட்டுபெத்தைக்கு முறையே 212, 232. தந்தி வினைஞரின் மகன் பொறியியலாளனாக உயரும் வழியில் இருபதுக்கு மேற்பட்ட படிகள் புதிதாக எழுப்பப்பட்டன எனலாம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, எஞ்சியிருந்த பயிற்சி பெற்றோருட் பலரும் கடல் கடந்தனர்.

மூன்றாங் கட்டம் இப்பின்னணியிலேதான் தோன்றியது. 1980இல் தபாற் சேவையிலிருந்து தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாகப் பிரிந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியே அது கூட்டுத்தாபனமாயிற்று. இதற்கிடையில், 1989இற் செல்டெல் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையைக் கொழும்பில் ஆரம்பித்தது. 1995இல் டயலொக் இலக்கமுறைச் சேவையான ஜீ.எஸ்.எம். வலையமைப்பைக் கொணர்ந்தது. போரினாற் சிதறிய உறவினரின் குரலைக் கேட்கக் காலி வீதியின் தொலைத்தொடர்பு நிலையங்களில் மணிக்கணக்காகக் காத்திருந்த வெள்ளவத்தை மக்களுக்கு, இது வசதியன்று, வாழ்வாதாரமாகும்.

இவ்வலையமைப்பை இயக்குவோர் கற்கவேண்டியது யாது? அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1947இல் முன்வைக்கப்பட்ட கருத்தே இதற்கு அடிப்படையாகும். நகரத்தைச் சிறு கலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஆற்றல் குறைந்த ஒரு நிலையத்தை அமைத்தால், ஒரு கலத்திற் பயன்பட்ட அலைவரிசையைச் சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு கலத்தில் மீண்டும் பயன்படுத்தலாம். இதனைக் கரும்பலகையில் வரைவது எளிது. வெள்ளவத்தையில் நிறுவுவது அரிது. மேற்கே கடல் இருப்பதால் வட்டமான கலத்தின் பாதி வீணாகும். ஆகவே அன்ரனாக்கள் நிலத்தை நோக்கித் திருப்பப்படல் வேண்டும். கடல்மேற் தடையின்றிச் செல்லும் அலையோ கரையோரத்தின் தொலைக் கலங்களிற் குறுக்கிடும். கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கைகளும் நெருங்கிய சுவர்களும் அலைக்கு நிழலாகின்றன. ஒரே தொழினுட்பவியலாளன் இவ்விரு ஊர்களையும் வெவ்வேறு வகையாக எண்ணிப் பார்க்கக் கற்றிருத்தல் வேண்டும்.

அடுத்தது கணிதம். கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு ஏர்லாங் என்பார் 1909இலும் 1917இலும் வெளியிட்ட ஆய்வுகளே இன்றும் இத்துறையின் பாலபாடமாகும். நூறு பேர் நெரிசல் மிக்க ஒரு மணித்தியாலத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவதாகக் கொள்வோம். மொத்தம் முந்நூறு நிமிடம். அதாவது ஐந்து மணித்தியாலப் பேச்சு. இது ஐந்து ஏர்லாங் எனப்படும். ஐந்து தடங்கள் போதுமென்று தோன்றலாம். ஆனால் அழைப்புகள் வரிசையாக வாரா. ஒருசேர வந்து மோதும். நூறு அழைப்புகளில் இரண்டுக்கு மேற் தவறக்கூடாதெனின் பத்துத் தடங்கள் வேண்டும். ஒன்பதாகக் குறைத்தால் ஏறத்தாழ நான்கு தவறும். ஒரு தடம் குறைந்ததால் எழும் இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே வலையமைப்பைத் திட்டமிட வல்லவன். உணராதவன் கருவியின் விளக்குகளைக் காவல் காப்பவன் மட்டுமே.

இவ்விடத்திலேதான் இன்றைய பயிற்சியின் குறை புலனாகின்றது. முன்பு திணைக்களம் தன் ஊழியனைப் பல ஆண்டுகள் வளர்த்தது. இன்று கம்பனிகள் ஆயத்தமான ஆளை வேண்டுகின்றன. தனியார் நிறுவனங்கள் சில மாதங்களில் அவனை ஆயத்தப்படுத்துவதாக வாக்களிக்கின்றன. அங்கு வழங்கும் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஒரு கருவியை, ஓர் உற்பத்தியாளரின் முறைமையைச் சார்ந்தவை. ஆனால் கருவிகள் நிலைப்பதில்லை. 1989இன் ஒப்புமை முறை மறைந்துவிட்டது. 2006இல் மூன்றாந் தலைமுறை வந்தது. அதன்பின் நான்காவதும் வந்துள்ளது. செல்டெல் என்ற பெயரே இன்றில்லை. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. ஒரு கருவியை மாத்திரம் பயின்றவன் அக்கருவியோடு முதுமையடைகின்றான். ஏர்லாங்கின் சூத்திரமோ கம்பிக் காலத்திற் பிறந்து கலங்களின் காலத்திலும் வழக்கிலுள்ளது.

மொழி பற்றியும் ஒரு சொல். 1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் தமிழையும் அரசகரும மொழியாக்கின. பாடசாலையிற் பௌதிகத்தை மாணவன் தமிழிற் கற்கின்றான். அதிர்வெண், அலைநீளம், வீச்சம் என்பன அவனுக்குப் பழகிய சொற்கள். தொலைத்தொடர்புப் பயிற்சியிற் புகுந்ததும் அச்சொற்கள் அனைத்தும் பயனற்றுப்போகின்றன. உலகளாவிய இத்துறைக்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை மறுப்பாரில்லை. எனினும் முதல் விளக்கம் தாய்மொழியிற் கிடைத்தவன், பின் ஆங்கிலத்தில் அதனை விரைவாகப் பற்றிக்கொள்வான். கிடைக்காதவன் சொற்களை மனனஞ் செய்வான், பொருளை உணரான். அன்று ஆங்கிலம் அறிந்தவனுக்கே தந்திக் கூடம் திறந்தது. கொட்டாஞ்சேனையின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அக்கதவு இன்றும் அரைவாசியே திறந்துள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, தந்தி, தொலைபேசி, கையடக்கத் தொலைபேசி என்னும் மூன்று கட்டங்களிலும் தொழினுட்பம் மாறியபோதும் வினா மாறவில்லை: இவ்வறிவின் வாயிலில் யார் நிற்கின்றனர், எவரை உள்ளே விடுகின்றனர்? முதற் கட்டத்தில் ஆங்கிலம் தமிழருட் சிலரை உள்ளே விட்டது. இரண்டாவதில் சட்டமும் புள்ளிகளும் பலரை வெளியே நிறுத்தின. மூன்றாவதிற் பணமும் மொழியுமே காவலராகியுள்ளன. 2014இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிளிநொச்சியிற் பொறியியற் பீடத்தைத் தொடங்கியமை நம்பிக்கை தருவதாயினும், பட்டதாரிப் பொறியியலாளருக்குக் கீழே நின்று கோபுரம் ஏறும் தொழினுட்பவியலாளனின் பயிற்சி நம் கவனத்தைப் பெறவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதிற் செய்யத்தக்கதொன்று உண்டு. அலை, கலம், தடம், நெரிசல் ஆகியவற்றை விளக்கும் சிறிய தமிழ் நூலொன்றைப் பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி எழுதுவார்களாயின், அது ஒரு விழாவினும் நீடித்து நிற்கும். புறாவின் காலில் ஓலை கட்டிய நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றம் நிகழ்ந்தது. அடுத்த மாற்றம் வருகையில் நம் பிள்ளைகள் அதன் வாடிக்கையாளராக மட்டுமன்றி, அதனை இயக்குவோராகவும் இருத்தல் வேண்டும்.