முள்ளும் திரையும்: ஜவ்வாது மலை மேடைக்கு இரண்டு கருவிகள்

கையிருப்புக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றால் டிஜே கருவிகளில் எதை எடுப்பது? 'கட்டுப்படியாகாது' என்று ஒதுக்கித் தள்ளும் வசதி போய்விடுவதால், ஒவ்வொன்றையும் அதன் குணத்தைக் கொண்டே எடைபோட வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் கோடை விழாவின்போது அமைவது போன்ற ஒரு திறந்தவெளி மேடையை மனத்தில் வைத்து, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி டர்ன்டேபிளையும் பயனியர் சிடிஜே-3000 பிளேயரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் சுமை. டர்ன்டேபிள் ஒன்று சுமார் 18 கிலோ. பிளேயர் ஐந்தரை கிலோ. இசைத்தட்டுகளுக்குத் தனியாகப் பெட்டிகள் வேண்டும். பிளேயருக்குச் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் போதும். சங்க நூலான மலைபடுகடாத்தின் கூத்தர் முழவும் ஆகுளியும் பாண்டிலும் சுமந்து செங்கண்மா நன்னனைத் தேடி நடந்தது இந்த மலைச்சாரல்களில்தான். இன்று போளூரிலிருந்து வேனில் ஏறுகிறவருக்கு எடை பெரிய தடையில்லை.

மேடை அப்படியல்ல. கம்பம் நட்டுப் பலகை பரப்பிய மேடையில் நாலு பேர் குதித்தால் முள் தாவும். சப்வூஃபரின் அதிர்வு பலகை வழியாக முள்ளுக்கே திரும்பி வந்து, ஊளையாகப் பெருகும். பிளேயருக்கு இந்தக் கவலையே கிடையாது. ஆனால் டர்ன்டேபிளுக்கான மருந்தும் விலை உயர்ந்ததல்ல. கனத்த கருங்கல் பலகை ஒன்றை ரப்பர் மெத்தைமேல் கிடத்தி, அதன்மேல் கருவியை வைத்தால் தொல்லை பெருமளவு அடங்கும். கல்லுக்கு இந்த மலையில் பஞ்சமில்லை.

மின்சாரம் என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஜெனரேட்டர் ஒரு கணம் தடுமாறி நின்றால் சிடிஜே அணைந்து, மறுபடி கண்விழித்து, பாட்டை ஏற்றிக்கொள்ள நேரம் கேட்கும். டர்ன்டேபிளோ மின்சாரம் வந்ததும், பொத்தானை அழுத்திய ஒரு நொடிக்குள் முழு வேகத்தை எட்டிவிடும். முள்ளும் விட்ட இடத்திலேயே நிற்கும். புதிய கருவிக்குத்தான் யுபிஎஸ் துணை அதிகம் தேவை.

இனி பாட்டு. எக்கோ, இன்ரெகோ, எச்எம்வி நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்த் திரையிசைத் தட்டுகள் இன்றும் பழைய கடைகளில் கிடைக்கின்றன. பிறகு ஒலிநாடாவும் சிடியும் வந்து அந்த வரிசையை அறுத்துவிட்டன. இங்கே பணம் உதவும். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டக்காரர்கள் செய்ததுபோல், வேண்டிய பாட்டை ஒற்றைப் படியாக இசைத்தட்டில் வெட்டி வாங்கலாம். ஓட ஓட அது தேயும் என்பதால் மீண்டும் வெட்ட வேண்டும். பிளேயரில் எல்லாக் காலத்துப் பாட்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. சிடிஜேயின் 'சிங்க்' வசதி, பாட்டின் தாளம் சீரான கட்டங்களில் விழுவதை நம்பியது. 1970, 80களில் வாத்தியக் குழு கூடி உட்கார்ந்து வாசித்த இளையராஜா பாடல்களில் வேகம் சரணத்துக்குச் சரணம் மெல்ல நெகிழும். அந்த நெகிழ்வில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது. அத்தகைய இரு பாடல்களை இணைக்கும்போது சிங்க்கை அணைத்துவிட்டு, காதால் கேட்டு, பிட்ச் ஸ்லைடரை விரலால் நகர்த்துவதே நல்லது. அந்த நிமிடத்தில் சிடிஜே ஒரு டர்ன்டேபிள்தான்.

இந்த உறவு தற்செயலன்று. 1972இல் வந்த முதல் எஸ்எல்-1200 வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்கென்று செய்யப்பட்டது. டிஜேக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 2001இல் வந்த சிடிஜே-1000 அவர்களுடைய கைப்பழக்கத்துக்காகவே, வட்டைத் தொட்டுத் திருப்பும் அனுபவத்தை எண்ணியல் கருவிக்குள் கொண்டுவந்தது. கொடுக்கல் வாங்கல் ஒருவழியாகவும் இல்லை. 2016இல் மீண்டு வந்த டெக்னிக்ஸின் மோட்டார் கட்டுப்பாட்டில் புளூ-ரே வட்டுக் கருவிகளுக்காக வளர்த்த நுட்பம் இருக்கிறது. 2020இன் சிடிஜே-3000இலோ சிடி செருகும் வாயே இல்லை. பழையது வட்டு நுட்பத்தைக் கடன் வாங்க, புதியது வட்டையே கைவிட்டிருக்கிறது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டதும் முதல் எஸ்எல்-1200 வந்த அதே 1972இல்தான். அதிராமல் ஒரே சீராகச் சுழல்வதே அதற்கும் டர்ன்டேபிளுக்கும் அடிப்படை.

என் தேர்வு: இரண்டு டர்ன்டேபிள், இரண்டு பிளேயர், நடுவில் ஆலன் அண்ட் ஹீத் எக்ஸோன்:96 மிக்சர். முள்ளையும் பென் டிரைவையும் அது ஒரே வரிசையில் ஏற்கும். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவான நேர வரம்பு இரவு 10 மணி என்பதால், மிச்சப் பணத்தை இன்னும் பெரிய ஸ்பீக்கர்களில் போடாமல், ஒலி கூட்டத்தின்மீது மட்டும் விழும்படி அவற்றைத் திசைப்படுத்தி நிறுத்தத் தெரிந்த சவுண்ட் பொறியாளருக்குக் கொடுப்பேன். வானத்தில் பாயும் பீம் லைட்டுகளை மட்டும் இலவசமாகத் தந்தாலும் ஏற்கமாட்டேன். காவலூர்த் தொலைநோக்கிகளுக்கு இருட்டு வேண்டும்.