தலைக்காயத்தால் குழந்தைகளுக்கு நேரும் தற்காலிகப் பார்வையிழப்பு

சிரசில் அடிபட்ட குழந்தை, சில நிமிஷங்களோ சில மணி நேரமோ கழிந்தபின், திடீரெனக் கண் தெரியவில்லை என்று அழத் தொடங்கி, வாந்தியும் தலைவலியும் தூக்கக் கலக்கமும் உடன்வர, பெரும்பாலும் ஒரு நாள் கழியுமுன் இழந்த பார்வையை முழுதும் மீளப்பெறும் நிலை இது. காயம் மிக அற்பமாயிருந்தபோதும் இது நேர்வதுண்டு.

விளக்கொளி பட்டால் பாவை சுருங்குகிறது. விழித்திரையிலும் பழுது காணப்படுவதில்லை. ஆதலின், பொய் சொல்கிறாயென்று குழந்தையைக் கடிந்துகொள்ள இடமுண்டாகிறது. அது பெரும் அநீதி. பாவையைச் சுருக்கும் நரம்புவழி பிடரிப்பக்க மூளையை எட்டாமலே திரும்பிவிடுவதால், கண் செவ்வனே இயங்கும்போதே காட்சியை உணரும் மூளைப்பகுதி ஸ்தம்பித்திருக்கக் கூடும்.

காட்சியின் ஸ்தானம் பிடரிமூளை என்பதை ஜெர்மானியரான ஹெர்மான் முங்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிருகங்களிடம் பரிசோதித்துக் காட்டினார். ருஷ்ய–ஜப்பானிய யுத்தத்தில் மூளையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்து தட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் 1909 இல் அதனை மனிதரிடத்தும் விளக்கினார். குழந்தைகளின் தற்காலிக அந்தகத்தை 1964 இல் போடியனும், 1968 இல் கிரிஃபித், டாட்ஜ் என்னும் இருவரும் விவரித்தனர். ஒற்றைத் தலைவலிக்கும் இதற்கும் உறவுண்டென்று 1975 இல் ஹாஸ் முதலியோர் வாதித்தனர். ஒற்றைத் தலைவலியோடு தொடர்புபடுத்தப்படும், மூளைப்பரப்பில் அலைபோலப் பரவும் செயலொடுக்கத்தைப் பிரேசில் நாட்டு லியாவோ 1944 இலேயே முயல்களிடம் கண்டிருந்தமையால், அவ்வாதம் பொருத்தமாகவே தோன்றுகிறது. எனினும் காரணம் இன்றும் ஐயமறத் தெளியவில்லை.

குழந்தை கண் தெரியவில்லை என்றதும் தாய் கண் வைத்தியரை நினைப்பது இயல்பேயாயினும், தலையில் அடிபட்ட குழந்தையின் விஷயத்தில் கண்ணில் குற்றமில்லை என்ற முடிவோடு ஆறுதலடைந்துவிடலாகாது. மண்டைக்குள் ரத்தக்கசிவோ பார்வை நரம்பின் சேதமோ இருப்பினும் பார்வை மங்கும். 1971 இல் முதன்முதலாக மனிதத் தலையைப் படம் பிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் ஸ்கேன் கருவி வந்தபின்னரே ரத்தக்கசிவை விரைவில் பிரித்தறிதல் எளிதாயிற்று. மற்ற காரணங்களெல்லாம் விலக்கப்பட்ட பின்பே இந்நிலைக்குத் தற்காலிகப் பார்வையிழப்பு என்ற பெயர் சூட்டத் தகும். ஆகவே, தானே சரியாகிவிடும் என்று வீட்டில் காத்திராமல், குழந்தையின் சொல்லை நம்பி, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே எடுத்துச் செல்லுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.