சிறு அளவு கஞ்சா: தண்டனையின் தர்க்கமும் சீர்திருத்தத்தின் தேவையும்

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தில் வெளிப்படையான முரண் ஒன்று உண்டு. கஞ்சாவைப் புகைத்தவருக்குப் பிரிவு 27 விதிக்கும் சிறைத்தண்டனை அதிகபட்சம் ஆறு மாதம். அதே கஞ்சாவைப் புகைக்காமல் சட்டைப்பையில் வைத்திருந்து பிடிபட்டவருக்கோ, பிரிவு 20இன்படி ஓராண்டு வரை கடுங்காவல். சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறு அளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றவியல் தண்டனையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இம்முரண் திருத்தங்களால் விளைந்தது. 1985இல் இயற்றப்பட்டபோது, உட்கொள்வதையும் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறு அளவு வைத்திருப்பதையும் பிரிவு 27 ஒன்றாகவே கருதியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் நோக்கத்தை விட்டுவிட்டு எடையை அளவுகோலாக்கியது. 2014இல் சிறு அளவுக்கான தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்ந்தது. கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரு கிலோவுக்குக் குறைவான எதுவும் ‘சிறு அளவு’தான். ஐந்து கிராம் பொட்டலத்துடன் சிக்கும் மாணவரும் தொள்ளாயிரம் கிராம் சரக்குடன் சிக்கும் சில்லறை வியாபாரியும் ஒரே உட்பிரிவின்கீழ் வருகிறார்கள்.

சட்டம் காட்டும் கருணையும் தலைகீழாகவே இருக்கிறது. தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்குப் பிரிவு 64அ வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அது போதைக்கு அடிமையானவருக்கு மட்டுமே. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, கஞ்சா, சரஸ், பாங் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவரே சார்புநிலைக்கு உள்ளானவர். அடிமையாகாத ஏனையோருக்கு எஞ்சுவது வழக்கும் தண்டனையும்தான்.

எது குற்றம், எது அல்ல என்று சட்டம் போடும் கோட்டைத் தீங்கின் அளவைக் கொண்டும் நியாயப்படுத்துவது கடினம். பூங்கொத்து கலவாத இலையைச் சட்டமே விலக்கி வைக்கிறது. அந்த இலையில் செய்யும் பாங் உத்தரப்பிரதேசத்தில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. 1893–94இல் விசாரித்த இந்தியக் கஞ்சா ஆணையமும் முழுத்தடையைப் பரிந்துரைக்கவில்லை. வரியும் உரிமமும் கொண்ட கட்டுப்பாட்டையே பரிந்துரைத்தது.

கஞ்சா தீங்கற்றது என்பது என் வாதமல்ல. இளம்வயதில் தொடர்ந்து புகைப்போருக்கு மனச்சிதைவு அபாயம் கூடுவதை மருத்துவம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கேட்பது மருத்துவரை, ஆற்றுப்படுத்துநரை. முதல் தகவல் அறிக்கை அந்த இளைஞரின் வேலைவாய்ப்பைக் கெடுக்கும். அவர் நோயைத் தீர்க்காது. தண்டனை போனால் வியாபாரிகள் தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்குப் போர்ச்சுகல் விடை தருகிறது. அங்கே 2001 முதல், பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவை வைத்திருப்பது நிர்வாக விதிமீறல் மட்டுமே. விற்பனை இன்றும் குற்றமே.

ஆகவே நாடாளுமன்றம் மூன்றைச் செய்ய வேண்டும்: சொந்தப் பயன்பாட்டுக்கெனச் சில கிராம் அளவில் தனி வரம்பு வகுத்து, அதற்குள் வைத்திருப்பதையும் உட்கொள்வதையும் குற்றப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், அடிமையானவர் என்று நிரூபிக்காமலே ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்க வழிசெய்ய வேண்டும், விற்பனைக்கான தண்டனையை அப்படியே வைத்திருக்க வேண்டும். காவல்துறையின் உழைப்பும் நீதிமன்றத்தின் நேரமும் கடத்தலை நோக்கித் திரும்ப இதுவே வழி.